சம்பந்தியை 'நீ' என்று கூப்பிட்ட நாள்

மத்ரின், அர்ஜென்டினா, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் அய்லெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீயும் உன் வயிற்றில் இருப்பதும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆனால் அது தெருக்கோடி ரொட்டிக் கடைக்குப் போகச் சொல்லும்போது மட்டும்தான் வலிக்கிறது, கடற்கரையில் பந்து விளையாடும் பையன்களைத் திட்டப் போகும்போது வலிப்பதில்லை. போன வாரம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டு சுல்மாவின் கூரைத் தகரம் நம் தோட்டத்துக்கும் நம் கொடியில் கிடந்த துணி அவள் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தன, துணியைக் கொடுக்க வந்தவள் இரண்டு மணி நேரம் மாத்தேத் தேநீர் குடித்துவிட்டுத் தகரத்தை மறந்துவிட்டுப் போனாள். அது இன்னும் ரோஜாச் செடி மேல்தான் கிடக்கிறது. நீ குதிகால் செருப்பை விட்டுவிட்டாயா இல்லையா என்று கேட்டதற்கு உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை, பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது, அவருக்கு இப்போது நம் பேச்சு வசவு உட்பட நன்றாகவே புரிகிறது. சொல்லப்போகும் விஷயமோ அவர் காதில் விழக் கூடாதது. தபாலில் போட்டால் உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்து சேரும், அதனால் வியாழக்கிழமை லண்டனுக்குப் பறக்கும் சுல்மாவின் அக்கா மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் இதை மாப்பிள்ளை எட்டிப் பார்க்காத இடத்தில் ஒளித்து வை. உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா தெரியவில்லை, இந்தக் காலத்து ஆண்கள் இஸ்திரிப் பெட்டியைக்கூட விட்டுவைப்பதில்லை.

நீ கொடுத்த சம்பந்தி வேலையை முடித்துவிட்டேன். அதாவது உன் மாமனாரை, என் சம்பந்தியை, நேரில் பார்த்தாயிற்று. பிள்ளை பிறப்பதற்குள் அவர் ஒரு தடவையாவது உங்கள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், மூன்று வருஷமாக அப்பாவும் மகனும் பேசவில்லை, மாப்பிள்ளை மாதோக் கவலையே இல்லாதது மாதிரி விசிலடித்துக்கொண்டு திரிகிறார், ஆனால் தொட்டிலைப் பூட்டி முடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார் என்று நீ எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழவர் தன் ஊர்ப் பாடகர் குழுவோடு அந்தக் காலத்தில் வேல்ஸ்காரர்கள் கப்பலில் வந்து குடியேறிய நம் பள்ளத்தாக்குக்கு வருகிறார் என்று தெரிந்ததும் நீ எனக்குக் கட்டளைகள் அனுப்பினாய். அவர் மொழியான வெல்ஷிலேயே பேசு, உனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மரியாதை குறையக் கூடாது, அவர் கட்டிய மனைவியைக்கூட 'நீங்கள்' என்று கூப்பிட்டவர். அந்த மனைவியின் சாவு வீட்டுப் பேச்சை எடுக்காதே. சுல்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. இதில் முதலாவதை மட்டும்தான் காப்பாற்றினேன், அந்த முதலாவதுதான் மற்ற எல்லாவற்றையும் கெடுத்தது.

என் வெல்ஷ் எங்கே கற்றது என்று உனக்குத் தெரியும். ஏழு வயது வரை மாயிர் பெரியம்மாவோடு அவள் தோட்டத்தில் இருந்தேன், அங்கே அவளும் நானும் கோழிகளும்தான். அவள் வெல்ஷில் பேசினாள், நான் ஸ்பானிஷில் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மொழியை நான் பயன்படுத்தியது உன்னையும் உன் அப்பாவையும் நாயையும் அதட்ட மட்டும்தான். இருந்தாலும் ஒரு வாரம் உட்கார்ந்து பழகினேன். நான் சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கப் பார்க்க நாய் உட்கார்ந்தது, எழுந்தது, வெளியே போனது, உள்ளே வந்தது. உன் அப்பா பத்திரிகையை இறக்காமலே, "நாய் பாஸாயிடுச்சு, நீ எப்படின்னு தெரியல" என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சுல்மாவை நான் கூப்பிடவில்லை. பேருந்து நிலையத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, காலி டப்பா. கைமன் ஊர்த் தேநீர் வீடுகளில் எவ்வளவு கேக் வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஆனால் வயிறுதான் ஒன்று என்பது அவளுக்கு ரொம்ப நாள் குறை. த்ரெலெவில் பேருந்து மாறி, கைமனில் இறங்கும்போது காற்று எங்களைத் தேவைக்கு மேலேயே வேகமாக ஆற்றுப்பக்கம் கொண்டுபோய் விட்டது. கப்பலில் வந்த பயணிகள் கூட்டம் ஒன்று ஒரு செங்கல் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் சமையல் எரிவாயு உருளை விற்கிறார்கள், ஆனால் கதவில் வேல்ஸ் கொடியின் சிவப்பு டிராகன் ஒட்டியிருப்பதால் அது சரித்திரமாகிவிட்டது. அதிலிருந்து எட்டிப் பார்த்த பெண்ணிடம் யாரோ அவள் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டார்கள். "கப்பலா? பொலிவியாலேர்ந்து பஸ்ல வந்தோம்" என்றாள், அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இர்மாவின் தேநீர் வீட்டில்தான் சந்திப்பு. இர்மா என்னோடு படித்தவள், முழு வெல்ஷும் தெரிந்தவள், சீமாட்டி மாதிரி கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. மற்ற பாடகர்கள் பெங்குவின் பார்க்கப் போய்விட்டார்கள், இவர் பெங்குவின்களுக்கு ஒழுங்கு போதாது என்றோ என்னவோ போகவில்லை. ஜன்னல் ஓரம் கோட்டும் டையுமாக, நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று தலை குனிந்து நீளமாக ஏதோ வரவேற்புச் சொன்னார். எனக்கு அதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியும் அழகாக இருந்தது. நானும் என்னிடம் இருப்பதிலேயே மென்மையான குரலை எடுத்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் பழகியதைச் சொன்னேன். இப்போது இர்மா விளக்கிய பிறகு அதை நம் பேச்சில் போட்டால் இப்படி வருகிறது: "வாடா வா. எங்க சுத்திட்டு வர? உக்காரு."

அவர் உட்காரவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் கனிவாகத் திருப்பிச் சொன்னேன், "உக்காருன்னு சொன்னேன்ல." உட்கார்ந்துவிட்டார். இர்மா கையிலிருந்த தேநீர்க் குடுவையைப் பக்கத்து மேஜையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள், சிரிக்கத்தான் போனாள் என்று பிறகு தெரிந்தது. சுல்மா என் காதில், "நீ வெல்ஷ் பேசினா எவ்வளவு அன்பா இருக்கு நெலிதா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தைரியம் வந்து, ரொட்டியையும் வெண்ணெயையும் அவர் பக்கம் நகர்த்தி, "தின்னு. பூராவும் தின்னு. கீழ சிந்தாத" என்றேன்.

அப்போதுதான் அவர் திருத்த ஆரம்பித்தார். அவர்கள் மொழியில் மரியாதைக்குச் சொல்லும் அந்த 'நீங்கள்' தொண்டைக்குள்ளிருந்து செருமிக்கொண்டு வர வேண்டிய சொல், அப்படி ஒரு சொல் எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது, பெரியம்மா என்னையோ கோழியையோ ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் 'நீ' என்று முடிக்கும்போதெல்லாம் அவர் விரலை உயர்த்தி அந்தச் செருமலைச் செய்தார். முதல் தடவை சும்மா விட்டேன். இரண்டாவது தடவை தண்ணீரை நகர்த்தினேன். மூன்றாவது தடவை ரொட்டித்துண்டு குறுக்கே மாட்டிக்கொண்டது என்று நிச்சயமாகிவிட்டது, எழுந்து போய் முதுகில் நாலு தட்டுத் தட்டி, "குடி! மடமடன்னு குடிக்காத, மெதுவா! வாயத் தொடச்சுக்க!" என்றேன். சுல்மாவும் தன் பங்குக்கு அவர் கையை மேலே தூக்கிப் பிடித்தாள். பக்கத்து மேஜையில் ஒரு பயணி படம் எடுத்தான். உன் மாமனார் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார் அய்லென், சத்தியமாக. நாலு பக்கமும் துடைத்தார்.

இர்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "அடிப் பாவி, அவருக்குப் புரையேறலடி. 'நீங்க'ன்னு சொல்லச் சொல்றாரு. நீ அந்த மனுஷன வந்ததுலேர்ந்து நாய்க்குட்டிகிட்ட பேசற மாதிரி பேசிட்டிருக்க" என்றாள். எனக்குக் காது வரை சூடு ஏறிவிட்டது. அடுப்பு மேல் அவளுடைய கறுப்பு கேக் ஆறிக்கொண்டிருந்தது, அதில் தலையைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் வெட்கப்பட்டது எனக்காக இல்லை. நீ ஒரே ஒரு காரியம் கேட்டாய், பிரசவத்துக்குக்கூட வந்து பக்கத்தில் நிற்க முடியாத தூரத்தில் இருக்கிற அம்மாவிடம் ஒரே ஒரு காரியம், அதையும் முதுகில் நாலு வைத்துக் கெடுத்துவிட்டேனே என்று அங்கேயே நின்று அழுதேன். இர்மா தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக் கொடுத்து, "போய் ஒக்காரு, வாய மட்டும் தொறக்காத" என்றாள்.

போய் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். சுல்மா அந்த நேரத்தைப் பயன்படுத்தி டப்பாவின் அடித்தட்டை நிரப்பிவிட்டாள். அவர்தான் பேசினார், எனக்காக நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தில் இர்மா சொல்லித் தந்தாள். "இந்த மொழிய உங்களுக்கு யாரு சொல்லித் தந்தாங்க?" என்று கேட்டார். பெரியம்மாவையும் கோழிகளையும் சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா என்னவென்று அந்த முகத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம், அதற்குப் பழக்கம் இல்லாத முகம். "எங்கம்மா போனப்புறம் என்கிட்ட இப்படி யாரும் பேசினதில்ல. வேற என்னென்ன தெரியும், சொல்லுங்க" என்றார். பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கையைக் கட்டி, தெரிந்த எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். வேலிக் கதவச் சாத்து. மூக்கச் சிந்து. கல்ல வாயில வைக்காத. கோழிய விடு. பொய் சொல்லாத. எவன அடிச்ச? போ, போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா. கேட்டுட்டு வந்தாத்தான் சாப்பாடு.

அந்த இடத்தில் இர்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. நான் வேண்டுமென்று சொல்லவில்லை, பெரியம்மா சொன்ன வரிசையில் அதற்குப் பிறகு அதுதான் வரும். உன் அப்பா இதை நம்பவில்லை. "ஏன், அப்புறம் தூங்கப் போன்னு ஒண்ணு இருக்கே, அதச் சொல்லிருக்கலாமே" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அதைத்தான் முப்பத்தைந்து வருஷமாக அவரிடம் சொல்கிறேன்.

உன் மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பாப்லர் மரங்களும் வாய்க்காலும்தான். பிறகு நீ எடுக்கக் கூடாது என்ற பேச்சை அவரே எடுத்தார். மனைவியின் அடக்கத்தன்று தேவாலயத்தில் அம்மாவைப் பற்றிப் பேச மாதோக் எழுந்து நின்றதையும், அந்த மொழியில் முன்னால் வரும் சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லின் முதல் எழுத்து மாற வேண்டும் என்பதையும், மகன் ஓர் இடத்தில் மாற்றாமல் சொன்னதும் தான் முதல் வரிசையிலிருந்து ஊர் முன்னால் சத்தமாகத் திருத்தியதையும், அவன் பேச்சைப் பாதியில் விட்டு வெளியே போனதையும் சொன்னார். இதெல்லாம் நீ எழுதியதுதான். எழுதாதது ஒன்று இருக்கிறது, அது உனக்கும் தெரியாது, மாதோக்குக்கும் தெரியாது. "வீட்டுக்கு வந்து கோட்டக் கழட்டும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். "அவன் சொன்னதுதான் சரி. அந்த எடத்துல எழுத்து மாறாது. நான் திருத்தினதுதான் தப்பு." நாற்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். மகனிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அந்த ஒரு நிமிஷத்துக்கு மூன்று வருஷமாகத் தைரியம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் என்ன சொல்ல முடியும், அதற்கெல்லாம் என்னிடம் மொழி இல்லை. தட்டில் இருந்த கிரீம் கேக்கை அவர் பக்கம் தள்ளினேன். சாப்பிட்டார். சுல்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாரு செத்துட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன், பேருந்தில் சொன்னேன், இந்நேரம் மத்ரின் முழுக்கத் தெரிந்திருக்கும், உங்கள் கார்டிஃப் வரை போகாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டால் நீ சிரிப்பாய். மாதோக் இப்போது என்ன சாப்பிடுகிறான், வெங்காயத்தை இன்னும் ஒதுக்குகிறானா, குளிரில் தலையில் ஏதாவது போட்டுக்கொள்கிறானா, பாடுகிறானா. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள், அவற்றில் ஒன்றுகூடப் பெரிய கேள்வி இல்லை. எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது, நான் மாப்பிள்ளையை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அதனால் இப்போது உன் வீட்டுக்காரர் வெங்காயம் விரும்பிச் சாப்பிடுகிறவர், தொப்பி போட்டுக்கொள்கிறவர், குளிக்கும்போது பாடுகிறவர். பொய்யாகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

எங்களை வழியனுப்பப் பேருந்து வரை வந்தார், காற்றில் ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் சுல்மாவின் டப்பாவையும் பிடித்துக்கொண்டு. விமானம் இறங்கியதும் தன் ஊருக்குப் போகாமல் நேரே உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார், பதினான்காம் தேதி, சாயங்காலம். மாதோக்கிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் வாக்குக் கேட்டார். தெரிந்தால் அவன் வீட்டில் இருக்க மாட்டான் என்ற பயம், இருந்தாலும் தான் பாதி வழியில் திரும்பிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிது போல. நானும் வாக்குக் கொடுத்தேன். மாதோக்கிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் கொடுத்தேன், உன்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை. பேருந்து கிளம்பும்போது பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியாக, "ஓரமா நில்லுடா" என்று கத்திவிட்டேன். நின்றார். இந்தத் தடவை செருமவில்லை.

டப்பாவில் தப்பித்த கறுப்பு கேக் ஒரு துண்டு இதோடு வருகிறது, சுல்மாவின் அக்கா மகன் வழியில் தின்றுவிடவில்லை என்றால். உன் அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது, இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே என்பது. அதை அவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை, ஆனால் எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை வந்து பார்த்தார், அவரும் உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். உனக்கு வலி தெரியாமல் பிள்ளை பிறக்க வேண்டும், அது நடக்காது, அதனால் வலி சீக்கிரம் மறக்க வேண்டும். மாப்பிள்ளை கை உன் கையை விடாமல் இருக்க வேண்டும். எங்கள் இருவர் ஆசியும் உங்கள் மூவருக்கும், எங்கள் முத்தங்களும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதினான்காம் தேதி சாயங்காலம் வாசல் மணி அடித்ததும் உனக்கு இடுப்பு வலி வந்துவிட வேண்டும், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள், தண்ணீரைத் திறந்து விடு. அவர் ஒரு தடவை அடித்துவிட்டுச் சும்மா நிற்பார், இரண்டாவது தடவை அடிக்கத் தைரியம் வராது. நீ உள்ளேயிருந்து, யாரு பாருங்க, சீக்கிரம், என்று மட்டும் கத்து. கதவை நீ திறக்காதே அய்லென். மாதோக் திறக்கட்டும்.

உன் அம்மா,
நெலிதா